பென்னலூர் ஸ்டாப்பில் நாலு நிமிஷம்

அம்மாவின் கம்பெனி பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணனை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும்.

அப்போது நான் தெற்கு சூடானில் இருந்தேன், நீலத் தொப்பி போட்ட ஐ.நா. அமைதிப்படையில். இரவெல்லாம் கேம்ப் கோபுரத்தில் காவல். விடிந்து இறங்கினால் துப்பாக்கியைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும், ஒரு பக்கெட் தண்ணீரில் குளிக்க வேண்டும். அதற்குமேல் உடம்பு நிற்காது. ஆனாலும் படுப்பதில்லை. எங்களுக்கு வைஃபை திறந்துவிடுவது காலை பத்து மணிக்கு. அது இங்கே ஊரில் மதியம் ஒன்றரை. ஒரகடம் போகும் செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக அம்மா பென்னலூர் ஸ்டாப்பில் நிற்கும் நேரம். பஸ் ஏறிவிட்டால் அவ்வளவுதான். கேண்டீன் வேலைக்கு உள்ளே போகும்போது போனை கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மா வேலை முடிந்து திரும்பும்போது நான் கோபுரத்தில் இருப்பேன்.

பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். பீகார்க்காரச் சமையல்காரர் ஒருவர், கரண்டியால் என் கட்டிலின் இரும்புக் காலைத் தட்டுவார். கையில் இஞ்சி டீ இருக்கும். "மம்மி டூட்டி" என்பார். வேறொன்றும் பேச மாட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டாளம் என்றால் என்னவென்று அம்மாவுக்கு நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவளுக்கு அது ஒரு கம்பெனிதான்.

"இன்னிக்கு எந்த ஷிஃப்டு கண்ணு?"

"நைட்டும்மா."

"ஓ.டி.க்கு நிக்காத. ரிலீவர் வரலன்னா சூப்பர்வைசர் கையில சொல்லிட்டு இறங்கிடு."

சரி என்பேன். சாப்பாட்டைக் கேட்பாள், கொசு கடிக்கிறதா என்று கேட்பாள். வண்டி வந்துவிட்டதா என்று நான் கேட்டால், "இன்னும் வரல, நீ பேசு" என்பாள். பஸ் தினமும் தாமதமாகவே வருவது எனக்கு வசதியாக இருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் அவள் அப்படிச் சொன்னபோது பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. பக்கத்திலேயே ஓர் ஆண் குரல்: "பேசு தம்பி, பேசு. நான் டயருக்குக் காத்து பாத்துக்கினு கீறேன்."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் விடவில்லை. "தெனம் தட்டித் தட்டியே அந்த டயர வெடிக்க வெச்சிடுவ நீ."

சிரிப்பு அடங்கியதும் டிரைவர் அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். இதனால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையா என்று விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. பென்னலூரில் மட்டும் தினமும் நாலு நிமிஷம் நிற்பதை ஆபீஸில் பார்த்துவிட்டார்கள். "டயர்னு சொன்னேன். நேத்து எழுதிக் குடுன்னுட்டாங்க. அடுத்த வாட்டி லேட்டானா இந்த ரூட்டுலேருந்து தூக்கிடுவாங்களாம். அத்த வுடு தம்பி, அம்மாகிட்ட பேசு."

மறுநாளிலிருந்து நான் கூப்பிடவில்லை. நெட் சரியில்லை என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். சமையல்காரர் கட்டிலைத் தட்டினார். டூட்டி இல்லை என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தும் தூக்கம் வரவில்லை. நாலு நாள் இப்படிப் போனது.

ஐந்தாம் நாள் வைஃபை வந்ததும் அம்மாவின் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் விழுந்தது. பேசியது அம்மா இல்லை. டயர் வெடிக்கும் என்ற அந்த அக்கா.

"இன்னா தம்பி, துப்பாக்கி புடிக்கிற கைக்கு போன் புடிக்கத் தெம்பு இல்லியா? உங்கம்மா நாலு நாளா போனையே பாத்துக்கினு நிக்குது. நாங்க தண்ணி டேங்க் ஸ்டாப்புல ஏறுறவங்க பன்னெண்டு பேரு. இனிமே நடந்து வந்து பென்னலூர்லயே ஏறிக்கிறோம். டேங்க்குல வண்டி நிக்காது, அந்த நேரம் மிச்சம். அந்த நாலு நிமிஷம் உனக்கு. ஒழுங்கா கூப்புடு."

கேட்ட கையோடு கூப்பிட்டேன். அம்மா கொசுவைப் பற்றிக் கேட்டாள். அதன் பிறகு பஸ் ஒருநாளும் தாமதமாகவில்லை.

விடுப்பில் வந்து முதல் நாள் அம்மாவை ஸ்டாப்பில் விடப் போனேன். பன்னிரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். வெயிலில் நடந்து வந்த முகங்கள். அந்த அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் வந்துட்டேனேக்கா, இனிமே உங்க ஸ்டாப்புலயே ஏறலாமே" என்றேன்.

"எங்க ஏறுறது? யாரும் ஏறலன்னு ஆபீஸ்ல அந்த ஸ்டாப்பையே எடுத்துட்டாங்க."

என் அம்மாவிடம் இதை யாரும் குறையாகச் சொன்னதில்லையாம். பஸ் வந்தது. டிரைவர் அண்ணன் இறங்கி என் தோளைத் தட்டினார். "லெட்டர் குடுத்தா ஸ்டாப்ப திருப்பி வெப்பாங்க தம்பி. எழுதத்தான் ஆளில்ல."

மறுநாள் அதே ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதினேன். காரணம் என்ன போடுவது என்று கேட்டதற்கு, "முட்டி வலின்னு எழுது, வேற இன்னா" என்றார் அக்கா. அப்படியே எழுதினேன். பத்து பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு.

மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. விடுப்பில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம். தினமும் ஒரு மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு தண்ணி டேங்குக்குப் போகிறேன். பென்னலூருக்கு முதல் டிரிப்பில் முட்டி வலி அக்கா. அதற்குப் பிறகு, நேரம் இருக்கும் வரை, யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்கள்.