அருள்மலர் அக்காவோடு வந்தவர்

றொபேட்டுக்குத் துறைமுகத்தில் தெரியாத ஆள் கிடையாது. துறைமுக வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தால் அவரைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். முப்பத்தைந்து வருடம் அவர் டக்கின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். டக் என்றால், பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வந்து கட்டுகிற சின்னக் கப்பல். கப்பல் வருவதற்கு ஞாயிறு, நத்தார், நள்ளிரவு என்று பேதம் இல்லை. சைரன் ஊதினால், அல்லது வாசலில் துறைமுகத்து வான் வண்டி வந்து கோர்ன் அடித்தால், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடுகிற சீவியம். மாசி மாதம் ஓய்வு கொடுத்து, ஒரு மாலையும் போட்டு, பழக்கூடையும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோதுதான் மனைவி வெளிக்கிட்டுக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

பங்குனி முடிய அருள்மலர் கனடாவுக்குப் போகிறாள். மகள் சுதர்ஷிகாவுக்கு முதற்பிள்ளை பிறக்கப்போகிறது. ஆறு மாதம் என்றுதான் பேச்சு. ஆனால் விசா வருடக் கணக்குக்குக் கிடைத்திருந்தது. “பேரப்பிள்ளை பாக்கப் போன தாய்மார் ஆர் திரும்பி வந்தவை, றொபேட்?” என்று பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் வேலிக்கு மேலால் பகிடியாகத்தான் கேட்டார். அந்தப் பகிடி றொபேட்டின் நெஞ்சில் ஆணியாய் இறங்கி நின்றுவிட்டது. அவள் திரும்பி வரவேண்டும். அதற்கு அவளுக்கு இங்கே ஏதாவது வேண்டும். கையில் இருப்பது ஒரு மாதம்.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது பழைய நாளொன்று நினைவுக்கு வந்தது. கலியாணம் முடித்த வருடம், நகர மண்டபத்தில் நாடகம் பார்க்க இரண்டு பேரும் உடுத்து வெளிக்கிட்டு, வாசற்படி இறங்குகிற நேரத்தில் வான் வந்து நின்றது. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறினார். அவள் அன்றைக்கு அயலட்டைப் பெண்களோடு போய்ப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவரைக் கூப்பிடவில்லை.

“இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நாடகம் பாக்கப் போவம். வரேக்க வெளியில சாப்பிடுவம்,” என்றார்.

அருள்மலர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை மடியில் வைத்தாள். “ஆரோட?”

“என்னோட.”

“உங்களுக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் வந்தாள்.

முதல் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் நாடகம். மண்டப வாசலிலேயே றொபேட் திகைத்துப்போனார். ஆசிரியைமாரும் கன்னியாஸ்திரிமாரும் மைக் கட்டுகிற பெடியனும், எல்லாரும் “அக்கா, அக்கா” என்று அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பங்குக் கோயிலில் நடக்கும் நாடகங்களுக்கு அவள் உடுப்புத் தைப்பது அவருக்குத் தெரியும். ஊரில் அரைவாசி மேடைகளுக்கு அவள்தான் தைக்கிறாள் என்பது தெரியாது. கீர்த்தனி என்ற இளம் ஆசிரியை, நாடகம் பழக்குகிறவள், றொபேட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, உவர் ஆர்? வெளிநாட்டில இருந்து வந்த தமையனோ?”

“இவர் என்ர வீட்டுக்காரர்,” என்றாள் அருள்மலர்.

“சும்மா சொல்லாதீங்கோ அக்கா. நான் நினைச்சனான், அவர்...” என்று தொடங்கிய கீர்த்தனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் செத்துப்போனார் என்று நினைத்திருக்கிறாள் என்பது மூன்று பேருக்கும் விளங்கியது. அருள்மலர்தான் கதையை வேறு பக்கம் திருப்பினாள்.

விளக்கு அணைந்து மேளமும் பாட்டும் தொடங்கிய கையோடு றொபேட்டுக்கு நித்திரை தூக்கியது. எவ்வளவு முயன்றும் கண் நிற்கவில்லை. திடீரென்று மேடையில் ஒரு பிள்ளை பேசாமல் நின்ற இடத்தில் அவர் துள்ளி விழித்து, “இவன் ஆர்?” என்று கேட்டார். எஞ்சின் அறையில் பேசிப் பழகிய தொண்டை. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடையில் நின்ற பிள்ளையும் பார்த்தான்.

“மெல்லமாக் கதையுங்கோ. இது டக் இல்லை,” என்றாள் அருள்மலர், பல்லுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அன்றிரவு கடற்கரைப் பக்கம் முனீப்பின் கடைக்குக் கூட்டிப்போனார். முனீப் அந்த நாளில் டக்குக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். “றொபேட் அண்ணன் குடும்பமா வந்திரிக்கார்” என்று மேசையைத் தானே துடைத்துவிட்டார். றொபேட் பெருமையோடு மாட்டிறைச்சிக் கொத்தும் கோழிப் பொரியலும் சொன்னார். தட்டு வந்தது. அருள்மலர் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன், வயிறு சரியில்லையோ?”

“தவக்காலமப்பா.”

றொபேட்டுக்கு முகம் செத்துப்போயிற்று. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி ஒரு கிழமைகூட ஆகவில்லை. டக்கில் கிடைத்ததைத் தின்று வளர்ந்த வயிறு அதையெல்லாம் மறந்துவிட்டது. பெரிய வெள்ளி வரைக்கும் அவள் மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று அவருக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது. அவள் வெறும் ரொட்டியைப் பருப்போடு தின்றாள். அவர் இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழமை நாட்கள் இன்னும் கரைச்சலாய் இருந்தன. விடிய அவள் பூசைக்குப் போவாள். வந்து சமைப்பாள். பிறகு பங்கு மண்டபத்துக்குப் போய்த் சிலுவைப்பாடுகளை நடிக்கிற திருப்பாடுகளின் நாடகத்துக்கு அங்கிகள் தைப்பாள். பின்னேரம் அயலுக்குள் ஒரு சுற்று. அவளுடைய நாளில் இடுக்கு இல்லை. றொபேட் ஒரு கதிரையில் இருந்துபார்த்தார்; அவள் அதைச் சுற்றிக் கூட்டினாள். தனக்கு மீன் வாங்க அவளோடு சந்தைக்கும் போனார். மீன்காரி அவளுக்கு மட்டும் விலை சொன்னாள். ஒரு நாள் பின்னேரம் அவள் தேத்தண்ணியைப் பூப்போட்ட கோப்பையில், கீழே தட்டு வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அலுமாரிக்குள் வந்தவர் போனவருக்கு என்று இருக்கிற கோப்பை. அவள் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. அவருக்கென்று இந்த வீட்டில் ஒரு கோப்பை பழகவில்லை, அவ்வளவுதான். றொபேட் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவனமாகத் தட்டில் வைத்தார்.

இரண்டாம் ஞாயிறு கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு கூத்து. கண்டி றோட்டுப் பஸ்ஸில் அவள் யன்னற்பக்கம் இருந்தாள். கூத்து தொடங்கி மத்தளம் முழங்கியதும் றொபேட் வழக்கம்போலத் தூங்கினார். மத்தளம் நின்ற இடங்களில் எல்லாம் விழித்தார். திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: “உந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடி உங்களுக்கு நித்திரை வருது?”

“எஞ்சின் ஓடினால் நித்திரை வரும். நிண்டால் முழிப்பு வரும். நிண்டுபோச்சுதெண்டால் என்னவோ பிழையெண்டு அர்த்தம். எங்களுக்கு அப்பிடிப் பழகிப்போச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பாட்டொண்டும் கேக்கேல்ல. ஆனால் பேசாமல் நிண்ட இடம் ஒண்டும் விடாமப் பாத்திட்டன்.”

அருள்மலர் வாய்விட்டுச் சிரித்தாள். முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்போடு றொபேட்டுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆறு மாதம்தான், வந்துவிடுவாள் என்று நினைத்தார்.

மூன்றாம் ஞாயிறு கீர்த்தனியின் நாடகம். உலக நாடக தினத்துக்காக நகர மண்டபத்தில் போட்டது. ஒரு வீட்டைக் காலிசெய்துகொண்டு போகிற குடும்பத்தின் கதையாம். பாதிக்கு மேல் அவருக்குத் தெரியாது. சத்தம் அடங்கியபோது கண்ணைத் திறந்தார். வெறும் மேடையில் ஒரு கிழவி விளக்குமாற்றோடு நின்றாள். சபை மூச்சுக்காட்டவில்லை. றொபேட் பக்கத்தில் பார்த்தார்.

அருள்மலர் மேடையைப் பார்க்கவில்லை. தலையை மெதுவாகத் திருப்பி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையை, சுவரில் சுற்றுகிற மின்விசிறியை, வரிசை வரிசையாக இருக்கிற முகங்களை. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்று நின்று போயிற்று அவளுடைய பார்வை.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்து இனி அந்தக் கப்பலுக்குத் திரும்பாத மாலுமிகள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேல்தளத்தை ஒருமுறை இப்படித்தான் பார்ப்பார்கள். ஆறு மாத லீவில் போகிறவன் அப்படிப் பார்ப்பதில்லை.

முனீப்பின் கடையில் இடியப்பமும் சொதியும் வந்தன. “இறைச்சி போடாத சட்டியில அக்காக்கெண்டு தனியாச் செஞ்சது,” என்று சொல்லிவிட்டு முனீப் உள்ளே போனார். வெளியே துறைமுக விளக்குகள் எரிந்தன.

“நீர் திரும்பி வரமாட்டீர், என்ன மலர்?”

அவள் இடியப்பத்தைப் பிய்த்த கை நின்றது. “ஆர் சொன்னது?”

“ஒருதரும் சொல்லேல்ல. மண்டபத்தில உம்மைப் பாத்தனான்.”

அவள் விரலில் ஒட்டியிருந்ததைத் தட்டில் உதறினாள். பிறகு, “சுதா தன்னோடயே இருக்கச் சொல்லிக் கேக்கிறாள். நான் ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லையெண்டும் சொல்லேல்ல,” என்றாள்.

“என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ?”

“உங்களுக்கு அங்கத்தைக் குளிர் ஒத்துவராதாம்.”

றொபேட் தலையை ஆட்டினார். காரணம் குளிர் இல்லை என்று அவருக்குத் தெரியும். மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த அன்று வெள்ளைச் சட்டையோடு கோயில் வாசலில் தகப்பனுக்காகக் காத்து நின்று, படம் பிடிக்கிறவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தாளாம். அன்றைக்குக் கோதுமைக் கப்பல் ஒன்று வந்தது. அப்படி எத்தனையோ நாட்கள்.

“ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நிக்கிறன்,” என்றாள் அருள்மலர். “பேறு பாத்திட்டு ஓடி வந்திடுவன். ஆனால் வந்த பிறகு எப்பிடி இருப்பன் எண்டு எனக்கே தெரியாது. உங்களில கோவம் எண்டு நினைக்காதீங்கோ. குடிச்சிட்டு வந்தனீங்களா, கை நீட்டினனீங்களா? ஒண்டும் இல்லை. நீங்கள் இல்லாமல் இருக்க நான் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகினனான் தெரியுமோ? இப்ப நீங்கள் இருக்கிறதுக்குப் பழக வேணும். அதுக்கு எனக்கு இனி ஏலாது போல கிடக்கு.”

“இந்த மாதம்?”

“இந்த மாதம் நல்லா இருந்தது.” அவள் சொதிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “முன்ன பின்னத் தெரியாத ஒரு மனிசனோட ஊர் சுத்தின மாதிரி. நல்ல மனிசன்.”

நில் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. அதற்காகத்தானே இந்த ஒரு மாதம். சொன்னால் நிற்பாள், சொன்ன சொல் தவறாதவள். வீட்டில் சமைத்து, கூட்டி, தட்டோடு தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். எத்தனை வருடம் என்றாலும் தருவாள்.

“போம்,” என்றார். “பிள்ளைப்பேறு நேரம் தாய் பக்கத்தில இருக்க வேணும்.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்குப் பிறகும் அங்கயே இரும்.”

முனீப் வந்து எட்டிப் பார்த்தார். “சொதி எப்படி அக்கா? புளி கூடிட்டா?”

“இல்லை முனீப் நானா, நல்லா இருக்கு,” என்றாள் அருள்மலர். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பிறகு இரண்டு பேரும் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

அவள் போன நாளில் விமான நிலையத்துக்குப் போகிற வான் வாசலில் நிற்க, அயல் முழுக்கக் கூடிவிட்டது. ஆளுக்கொரு பொதி, ஆளுக்கொரு புத்தி. அந்தச் சனத்துக்குள் அவள் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டு, சீனி எங்கே, தூள் எங்கே, காஸ் முடிந்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். வான் தெருமுனையில் திரும்பும்வரை றோட்டில் நின்றார். வழக்கமாக அந்த இடத்தில் நின்று வானைப் பார்ப்பவள் அவள்.

“எப்ப வருவா?” என்று கேட்டவர்களுக்கு எல்லாம், “ஆறு மாதம்,” என்றார். கனகரத்தினத்துக்கும் அதையே சொன்னார். மீன்காரிக்கும் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மைபோல இருந்தது.

குருத்து ஞாயிறு பின்னேரம் கோயில் வளவில் திருப்பாடுகளின் நாடகம். றொபேட் தனியே போனார். தூங்கிவிடக்கூடாது என்று மதிலோரம் நின்றுகொண்டார். “அருள்மலர் அக்காவோட வாறவரெல்லே?” என்று இரண்டொருவர் கேட்டுவிட்டுப் போனார்கள். மேடைக்குப் பின்னாலிருந்து பிரியதர்சினி வந்தாள். அருள்மலரோடு சேர்ந்து தைக்கிற பெண். கையில் ஒரு சாவி.

“அண்ணை, இது உடுப்பு அலுமாரிச் சாவி. அக்கா போகேக்க என்னட்டத் தந்திட்டுப் போனவ. எனக்கு வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு, துலைச்சுப் போடுவன். அக்கா ஆறு மாதத்தில வந்திடுவாதானே. அதுமட்டும் உங்கட வீட்டில கிடக்கட்டும்.”

றொபேட் சாவியைப் பார்த்தார். வாங்கிக் குசினி ஆணியில் கொழுவிவிட்டால் போதும். பார்க்கிறவர்கள் அவள் வருவாள் என்று இருப்பார்கள். அவரும் இருக்கலாம். கை பாதி வரைக்கும் நீண்டது.

“உம்மட்டத் தந்தது உமக்குத்தான் பிள்ளை. நீரே வைச்சிரும்.”

“அக்கா வந்தோடன...”

“அவ வரமாட்டா.”

மெல்லச் சொல்ல அவருக்குத் தெரியாது. முன்வரிசையில் இருந்த தையற்காரப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரியதர்சினி சாவியைக் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள். பிறகு வரிசையில் கிடந்த ஒரு வெறுங் கதிரையைத் திருப்பி, “வந்து இருங்கோ அண்ணை,” என்றாள்.

அவர் போய் இருந்தார். பக்கத்தில் இருந்த பெண் தன் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.