எழுதியதைப் படிக்க முடியாதவர்

"எழுதத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியாதாக்கும்? யாருகிட்டம்மா கதை விடுறீங்க?"

ஓசூரில் ஒரு கம்பெனியின் பர்சனல் மேனேஜர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். மதுரைப் பக்கத்துக்காரர். கேட்டுவிட்டு மேசை மணியை நோக்கிக் கையை நீட்டினார், ஆள் வந்து என்னை வாசல்வரை கொண்டுபோய் விடட்டும் என்று. நான் எழுந்திருக்கவில்லை. கோபம் வந்துவிட்டால் என்னை நாற்காலியிலிருந்து கிளப்புவது கஷ்டம்.

எண்பதுகளின் நடுவில் நான் பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மூளையில் அடி விழுந்தால் மொழி எந்த இடத்தில் உடைகிறது, பேச்சு போனால் எழுத்து மிஞ்சுமா என்பதெல்லாம்தான் என் வேலை. புத்தகங்களில் இருந்த நோயாளிகள் எல்லாம் எங்கோ வெளிநாட்டுக்காரர்கள். எனக்கு நம் ஊர் ஆட்கள் வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்தவர்தான் அந்தக் கம்பெனியின் லைன் சூப்பர்வைசர். மத்தூர்க்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். வீட்டில் தெலுங்கு, மெஷின் பக்கத்தில் கன்னடம், எழுத்து என்றால் தமிழ் மட்டும்.

மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துப் பிழைத்தவர் அவர். கை கால் நன்றாக இருந்தன, பேச்சில் ஒரு குறையும் இல்லை. வலப்பக்கப் பார்வை போயிருந்ததால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், அவ்வளவுதான். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஷிப்ட் முடியும்போது அடுத்தவருக்கான நோட்டில் நான்கு வரி எழுதி வைத்தார். நல்ல கையெழுத்து. அடுத்த ஷிப்ட்காரர் வந்து, "மூணாவது வரியில இன்னா எழுதிக்கிறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். இவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து நிமிடம் முன்பு தன் கையால் எழுதியதை அவரால் படிக்க முடியவில்லை. நடுவில் இருந்த எண்களை மட்டும் சரியாகச் சொன்னார்.

அதுதான் வினையாகப் போயிற்று. எழுத வருமாம், படிக்க வராதாம். நம்பர் தெரியுமாம், எழுத்து தெரியாதாம். இன்னும் லீவு வாங்க நாடகம் ஆடுகிறான் என்று கம்பெனியில் விசாரணை வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முடிவு. பொய் என்று முடிவானால் வேலை போய்விடும்.

மேனேஜரிடம் நான் பொறுமையாகத்தான் விளக்கினேன், என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம். கண் எழுத்தைப் பார்க்கிறது, அது நன்றாக இருக்கிறது. எழுத்தை எழுத்தென்று அறிகிற இடம் மூளையில் வேறு, அதுவும் நன்றாக இருக்கிறது. இரண்டு ஊரும் அப்படியே இருக்க, நடுவில் பாலம் மட்டும் வெள்ளத்தில் போனது போல. எழுதுவதற்கு அந்தப் பாலம் தேவையில்லை, படிப்பதற்குத் தேவை. எண்களை அறியப் பலருக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது. உலகத்தில் பல பேருக்கு இது வந்திருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நிசம்னே வச்சுக்குவோம். படிக்க முடியாதவனை வச்சு நான் எப்படி லைன் ஓட்டுறது?" என்றார்.

பொய் என்றாலும் வேலை போகும், உண்மை என்று நான் நிரூபித்தாலும் போகும். அந்த மனிதர் எப்படியாவது படித்தாக வேண்டும். என்னிடமோ நான்கு முறை சோதனை செய்த தாள்கள் இருந்தன, நான்கிலும் பூஜ்யம். 'அ' என்று தனியாக எழுதிக் காட்டினால்கூட அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது முறையாக அன்று மதியம் அவர் வீட்டிலேயே அட்டைகளைக் காட்டிப் பார்த்தேன். அதுவும் பூஜ்யம்தான். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது.

என்னை வழியனுப்ப அவரும் அவர் மனைவியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். நான் வெள்ளிக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் வந்து நின்றதும், பையைத் தூக்கிக்கொண்டு ஏறப் போனேன்.

"மேடம், அது ஊத்தங்கரை வண்டிங்க," என்றார் அவர்.

நிமிர்ந்து பார்த்தேன். ஊத்தங்கரை என்றுதான் போர்டில் இருந்தது. கண்டக்டர் இன்னும் இறங்கவில்லை, யாரும் கூவவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியலீங்க. போர்டைப் பாத்துக்கினே இருந்தேன், வந்துடுச்சு."

அவருடைய வலது கை இன்னும் வேட்டி மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. போர்டில் இருந்த கோடுகளைக் கண் பின்தொடர, விரல் அதே வளைவுகளைத் தொடையில் போட்டுக்கொண்டிருந்தது. கண் சொல்லாததைக் கை போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறது! பாலம் இல்லாத ஆற்றை அவர் சுற்றிக்கொண்டு கடந்திருக்கிறார்.

"இத்தனை நாள் சோதனையில ஏங்க இதைச் செய்யலை?" என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

அவர் மிரண்டுபோனார். "உங்க முன்னாடி கை கட்டிக்கினு இல்லீங்க உக்காந்திருந்தேன்? படிச்சவங்க எதிருல கையை ஆட்டிக்கினு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து முறையும் கையை மார்பில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என் குறிப்பேட்டில் 'மிகவும் மரியாதையானவர்' என்று நானே எழுதி வைத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. எந்த வெளிநாட்டுப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. இந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்! எனக்கான பெங்களூர் பஸ் வந்தது, அதை விட்டேன், அடுத்த மூன்று பஸ்ஸையும் விட்டேன். வந்து நின்ற ஒவ்வொரு தமிழ் போர்டையும் அவரைப் படிக்க வைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் பழக்கதோஷத்தில் கையைக் கட்டினார். "கையை எடுங்க," என்றேன். மேனேஜர் என்னை முறைத்தார், நானும் முறைத்தேன்.

விசாரணைக் குழுவில் இருந்த மற்றவர்கள் செய்தித்தாளை நீட்டினார்கள். தலைப்பின் மேல் விரலை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வியர்க்க வியர்க்கப் படித்தார். ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆனது. மேனேஜர் மட்டும் மசியவில்லை. "காலையில வீட்டுல யாராச்சும் படிச்சுக் காட்டியிருப்பாக," என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதி, மேசையில் தள்ளினார்.

சூப்பர்வைசரின் விரல் நகர ஆரம்பித்தது. "தி... திங்... திங்கள்... காலை... ஷி... ஷிப்ட்... ஷிப்ட்டுக்கு... வ... ர..."

அங்கே விரல் நின்றது. வரியின் வலப்பக்க மிச்சம் அவர் பார்வைக்குள் வரவில்லை. வரவேண்டாம் என்றிருக்குமோ? தாளை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் தலையை வலப்பக்கம் திருப்பி, விரலை மறுபடி வைத்தார்.

"வு... ம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது. அவருக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"வரவும்னுங்களா சார் போட்டிருக்குது?"

"என்னை ஏன்யா கேக்குற? உனக்குத்தான் படிக்கத் தெரியுமே," என்றார் மேனேஜர்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கேட்கட்டும் என்று உரக்க.