நான் நிரப்பிய பத்தாவது குப்பி

மூன்று ஆண்டுகளுக்கு முன், கூலாய் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலத்தில் நடந்தது இது. பின்வாசலிலிருந்து அங்கே போக இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. முப்பத்தொரு வருடம் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவனாக, இருந்தவன் நான். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணி, மதியம் அவர்கள் கொண்டு வரும் ரப்பர்ப் பால் வாளிகளை எண்ணியே பழகிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. "மீன் முள்ளையும் எண்ணி வெச்சிட்டுச் சாப்பிடுங்க," என்பாள் என் மனைவி.

அந்த வறண்ட மாதத்தில் ஓர் ஆய்வு மாணவி சேறு எடுக்க வந்தாள். லாபிஸ் ஊர்ப் பக்கத்துப் பெண், பால் மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்த, தாயின் மகள். மேட்டில் இருக்கும் கோழிப் பண்ணையிலிருந்து கழிவு வழிந்து சதுப்பில் இறங்குகிறது. அதிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்தச் சேற்றில் இருக்கிறதா, எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாததை எப்படியம்மா எண்ணுவாய் என்று கேட்டேன்.

"தோட்டத்துல நூறு பேரு நிக்கிறாங்க அங்கிள். அதுல யாரு பால் மரம் வெட்டுறவங்கன்னு முகத்தப் பார்த்துச் சொல்ல முடியுமா? கையில வெட்டுற கத்தி இருந்தா தெரிஞ்சிடும்ல? இந்த வேலையச் செய்ற பாக்டீரியாகிட்ட அதுக்குன்னு ஒரு மரபணு இருக்கு. நான் அந்தக் கத்தியத்தான் தேடுறேன்."

என் பெரட்டு வேலையை எனக்கே இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து நான் அவளுக்கு உதவியாள். சதுப்பில் ஒன்பது கம்புகளை நட்டோம். நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கம்படியிலும் ஒரு கரண்டிச் சேறு. எடுத்த நேரத்தை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

மூன்றாம் நாள் ஏழாவது கம்படியில் அவள் காலில் அட்டை ஏறிவிட்டது. கத்திக்கொண்டே மீதி இரண்டு கம்பையும் அவசரமாக முடித்தாள். "உப்புப் போட்டுட்டு வர்றேன் அங்கிள். பெட்டிக்கு மூடிய மட்டும் போட்டுடுங்க லா," என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினாள்.

அதுவரை ஐஸ் பெட்டியை அவளேதான் மூடுவாள். அன்றுதான் முதல் முறையாக உள்ளே பார்த்தேன். பார்த்ததும் எண்ணினேன். பத்துக் குப்பிகள். ஒன்பதில் சேறு. ஒன்றில் மட்டும் கொஞ்சம் தெளிந்த தண்ணீர். பத்துக் குப்பி என்றால் பத்துக் கரண்டி இருந்தாக வேண்டும், அட்டை ஏறிய பயத்தில் ஏழாவது கம்பில் இன்னொரு கரண்டி எடுக்க மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அவள் செய்வதைப் பார்த்தே பழகியிருந்ததால், கையுறையைக் கழற்றாமல், அவள் பையிலிருந்த புதுக் கரண்டியைப் பிரித்து, ஏழாவது கம்படிச் சேற்றை எடுத்து அந்தக் குப்பியையும் நிரப்பினேன். "9.40, ஏழாவது கம்பு, மேலும் ஒரு கரண்டி" என்று நோட்டில் எழுதினேன். சொன்னால் பெண் கூச்சப்படுவாளே என்று சொல்லவில்லை. ஒரு குறையைச் சரிசெய்த திருப்தியோடு மூடியைப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி வைத்த தேநீரைத் தொடவில்லை.

"அலமாக், எல்லாம் போச்சு அங்கிள். தினமும் ஒரு குப்பியில சுத்தத் தண்ணி மட்டும் கொண்டு வருவேன். அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. குப்பியத் திறந்து சோதிக்கிறது ஆய்வகத்து ஆளுங்க, அவங்க எண்ண மட்டும்தான் பார்ப்பாங்க, எனக்கு முடிவு மட்டும்தான் வரும். மூணாம் நாள் தண்ணியில அந்த மரபணு நல்லாவே தெரியுது. அப்படின்னா வெளியிலேருந்து ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். இனி மத்த ஒன்பதையும் நம்ப முடியாதுன்னு பேராசிரியர் சொல்றாரு. என் கைதான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கு."

திரும்ப எடுக்கவும் வழியில்லை. மழை தொடங்கிவிட்டது. வறண்ட காலச் சேறு வேண்டுமென்றால் அடுத்த ஆண்டுதான். அவளுக்குக் கொடுத்த அவகாசமோ அந்த ஆண்டோடு முடிகிறது.

நோட்டு எடுப்பதுபோல உள்ளே போனேன். பின்னாலேயே மனைவி வந்தாள். என் முகத்தைப் பார்த்தே, "நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள். சொன்னேன். "அந்தப் புள்ள தன் கையத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. போய்ச் சொல்லுங்க. எழுபத்து மூணு வயசுல என்ன வெக்கம்?"

போய் நோட்டை விரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ஐயோ அங்கிள்!" என்று சொல்லிவிட்டு, அழுகையும் சிரிப்புமாக அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள்.

கிழவன் சொன்னான் என்பதற்காக ஆராய்ச்சியில் யாரும் நம்பிவிட மாட்டார்கள். எங்கிருந்தோ ஒட்டியிருந்தால் அந்தக் குப்பியில் பல இடத்துக் கலவை தெரியும். நான் எழுதியது உண்மை என்றால் ஏழாவது கம்படிச் சேற்றோடு மட்டும் ஒத்துப்போக வேண்டும். மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கப் பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை போன் வந்தது. "ஏழாவது கம்பேதான் அங்கிள்! மத்த மூணு நாள் தண்ணியும் சுத்தம். ஒண்ணையும் தூக்கிப் போட வேணாம்னு பேராசிரியர் சொல்லிட்டாரு. எந்தச் சேறுன்னே தெரியாம வந்த குப்பிய, எங்க முறை சரியா அடையாளம் காட்டிடுச்சு. இப்படிச் சோதிக்கணும்னு எங்களுக்கே தோணல!"

அவள் இப்போது முனைவர். பண்ணைக் கழிவு வந்து இறங்கும் முதல் மூன்று கம்புகளில்தான் அந்தக் கத்தி பிடித்த பாக்டீரியா வேலையாட்கள் அதிகம் என்று அவள் ஆய்வேடு சொல்கிறது. கடைசியில், பின்னிணைப்பில், என் நோட்டின் அந்தப் பக்கம் அப்படியே அச்சாகியிருக்கிறது, கிராணிக் கையெழுத்தில், அந்த அதிகப்படிக் கரண்டியோடு. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய கணக்குகளில் எத்தனையோ சரியாக இருந்தன. அவற்றையெல்லாம் விட, என் தப்பை நேரத்தோடு எழுதி வைத்த அந்த ஒரு வரிதான் இன்றும் என்னைத் தலைநிமிர வைக்கிறது.