பாலாவியில் கம்பி வலை வாங்கிய காலை

எங்கள் உப்பு லொறி நிற்கும் முற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டு, மிஞ்சும் காசில் மதிலும் கட்ட நினைத்திருந்தோம். கொங்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பி வலை வாங்க, இன்று காலை கணவரோடு பாலாவியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன்.

சுவரில் இரண்டு வலைகள் சாய்ந்திருந்தன. இரண்டிலும் கட்டம் ஒரே அளவு. ஆனால் விலையில் பெரிய வித்தியாசம். ஏன் என்று கேட்டேன்.

கடை நடத்தும் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர், "ரெண்டையும் தூக்கிப் பாருங்க தங்கச்சி" என்றார்.

ஒன்றைத் தனியாகத் தூக்கினேன். மற்றதற்குக் கணவரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. கம்பியின் தடிப்பில் இருந்த வித்தியாசமோ கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை.

"இரும்பட நிறைக்குத்தான் வெல. லொறி ஏறுற எடத்துக்கு மெல்லிசு போட்டா தரை வெடிச்சுப் போகும்."

"அப்ப போன மாசத்த விட ஏன் கூட?" என்றேன்.

"இரும்பு கப்பல்ல வருது. டொலர் ஏறினா ஏறும். டீசல் ஏறினா ஏறும். எங்கயோ ஒரு நாட்டுல உலைய நிப்பாட்டினாலும் இங்க ஏறும்."

வலையைத் தொட்டபடி அப்படியே நின்றுவிட்டேன். பெயர் தெரியாத ஊரின் உலையில் உருகி, கடல் கடந்து வந்த இரும்பு, எங்கள் முற்றத்தில் லொறியைத் தாங்கப் போகிறது.

"தடிப்பானதையே எடுப்பம். மதில பொறகு கட்டுவம்" என்றார் கணவர். நானும் ஓம் என்றேன்.

டொலரிடம் விலை குறைத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள். எங்களுக்கு மதிலும் வேண்டும்.