பூசையில் வைத்த லப்டொப்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சரஸ்வதி பூசையில் வைத்த படிப்புச் சாமானை மறுநாள் விடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

மகள் அப்போது லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்தபடி, ஜப்பானில் வீடியோ கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பனிக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர்தான். பூசையன்று காலை அவள் குளிக்கப் போன நேரம், லப்டொப்புக்குப் பொட்டு வைத்துப் பூசையில் வைத்துவிட்டேன்.

“அம்மா, இண்டைக்குப் படம் அனுப்பாட்டி என்னை நிப்பாட்டிப் போடுவினம்!”

“ஏலாது பிள்ளை. நாளைக்கு எடு. உன்ரை முதலாளி மனிசனுக்கு நான் சொல்லுறன்.”

அவள் அழாக்குறையாக முதலாளியைப் போனில் வீடியோவில் கூப்பிட்டுப் பூசையைக் காட்டினாள். விளக்கு, அவல், கடலை, நடுவில் லப்டொப். அவர் சிரித்துக் கைகூப்பினார். நாளைக்கு அனுப்பு என்றார். மற்றவர்களையும் நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னாராம்.

அவள் படம் வரைந்த அந்தக் கேம் நன்றாக விலைப்பட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு வருடாவருடம் அன்றைக்குக் கம்பனிக்கே லீவு. முதலாளி தன் கணினிக்கும் பொட்டு வைத்துப் படம் அனுப்புவார்.

அடுத்த இரண்டு கேமும் எடுபடவில்லை. கம்பனியை மூடிவிட்டார்கள்.

அந்த வருடம் மகளே லப்டொப்பைக் கொண்டுவந்து பூசையில் வைத்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

“வேணுமெண்டா இண்டைக்கே எடு, பிள்ளை” என்றேன், என் வாழ்நாளில் முதல் தடவையாக.

“அவசரமில்லை அம்மா. இருக்கட்டும்.”