பதினொன்றாவது படம்

போன மாதம் இதே பத்திரிகையில், என் பக்கத்துக்கு நாலு பக்கம் முன்னால் ஒரு லிஸ்ட் வந்தது. 'இந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்கள்.' எழுதியவர் நம்முடைய சினிமா விமர்சகர். நீங்கள் படித்திருப்பீர்கள்.

நான் படிக்கவில்லை. படிக்க வைத்தார்கள்.

ஆம்பூரில் எங்கள் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே நஜீர் பாய் டீக்கடை. காலையில் கிளாஸைக் கையில் வாங்குவதற்குள் பாய் பத்திரிகையை மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னா தாஸண்ணே, இன்னா போட்டிருக்காரு உங்க ஆளு? பத்துல ஒண்ணு கூட நான் பாக்கல."

"நான் ஒண்ணு பாத்தேன் பாய். பாதி."

"மீதி பாதி?"

"தூங்கிட்டேன்."

அது முதல் இடத்தில் இருந்த படம். ஒருவர் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் கண் விழித்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிணற்றில் என்ன இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"இதுக்குப் போயி ஃபர்ஸ்ட் பிளேஸா?" என்றார் பாய். "ஆம்பூர்ல எந்தக் கடை பிரியாணி ஃபர்ஸ்ட்டுனு இவர ஒரு லிஸ்ட் போடச் சொல்லுங்க. அப்புறம் ஸ்டேஷன்ல ரயில் ஏறி ஊர் போய்ச் சேர்றாரானு பாக்கலாம்."

சிரித்துவிட்டு வேலைக்குப் போனேன். லிஸ்ட் விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் குடியாத்தத்திலிருந்து அக்கா போன்.

"டேய் தாஸு, லிஸ்ட்டப் பாத்தியா? புள்ள படம் அதுல இல்லடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா மகன் கிறிஸ்டி சென்னையில் சினிமாவில் வேலை செய்கிறான். அசிஸ்டென்ட் டைரக்டர் என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொள்கிறோம். உள்ளே என்ன செய்கிறான் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அவன் வேலை செய்த முதல் படம் இந்த வருடம் மழைக்காலத்தில் வந்தது. தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. பிறகு ஓடிடிக்குப் போய்விட்டது.

அவனுக்கும் ஜெனிக்கும் காலேஜிலேயே பேச்சு. ஜெனி எங்கள் ஃபேக்டரி சாமுவேல் அண்ணன் மகள். ஸ்கூல் டீச்சர். பிள்ளைகள் முடிவு பண்ணிவிட்டார்கள். பெரியவர்கள் பேசுவதுதான் பாக்கி. அக்கா போய்ப் பெண் கேட்டபோது சாமுவேல் அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"வருசக் கடைசியில அந்த விமர்சகரு லிஸ்ட் போடுவாரு. அதுல தம்பி படம் வரட்டும். அப்புறம் பேசலாம்."

இப்படி ஒரு கண்டிஷன் எந்தப் பெண் வீட்டிலாவது கேட்டிருக்கிறீர்களா? பவுன் கேட்பார்கள். வீடு கேட்பார்கள். கவர்மென்ட் வேலை கேட்பார்கள். டாப் டென் கேட்டவர் இவர் ஒருத்தர்தான்.

சாமுவேல் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் ஃபேக்டரியில் நான் தோலையும் கெமிக்கலையும் போட்டுச் சுத்துகிற டிரம் பக்கம். அவர் செலக்ஷன் டேபிள். பதப்படுத்திய தோல் அவர் முன்னால் வரும். விரித்துப் பார்ப்பார். தடவுவார். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சூடு போட்ட தழும்பு - எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டம் போடுவார். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வேலையில் ஒரு சங்கடம். கண்ணுக்கு முதலில் குறைதான் தெரியும். தோலில் மட்டும் இல்லை. சாம்பாரில், சட்டையில், போதகரின் பிரசங்கத்தில், மாப்பிள்ளையில்... எல்லாவற்றிலும் மனுஷனுக்கு வட்டம் தெரியும்.

விமர்சகரை அவருக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். "அத்தினி படம் வருது. பத்துதான் எடுக்கறான். மீதியத் தள்றான். அவன் செலக்ஷன் ஆளு தாஸு" என்பார். அந்தப் பத்தில் ஒன்றையாவது அவர் பார்த்ததுண்டா? கிடையாது. தியேட்டர் பக்கம் போயே ரொம்ப வருடம்.

அக்கா போனை வைக்கவில்லை. "நீயும் அந்தப் புக்லதான எழுதுற? அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பத்துல ஒண்ணு தூக்கிட்டு இத வெச்சா இன்னா கொறஞ்சுடப் போவுது?"

"அப்டியெல்லாம் வைக்க மாட்டாங்கக்கா."

"ஒரு கல்யாணம்டா."

விமர்சகரின் நம்பர் வாங்கி, கூச்சத்தோடு பேசினேன். நல்ல மனிதர். மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்தப் படமா? பாத்தேன் சார். நல்ல முயற்சி. ரொம்ப யோசிச்சேன். கடைசி நேரத்துலதான் போச்சு. பதினொண்ணாவது இடம்."

மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல். பத்திரிகை ஆபீஸில் என் பத்தியைப் பார்க்கிற தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"உங்களுக்கும் பதினொண்ணா? லிஸ்ட் வந்த நாள்லருந்து ஃபோன் பண்ண எல்லாருக்கும் பதினொண்ணுதான் சார்."

ஆனாலும் சாமுவேல் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கையில் வேறு என்ன இருந்தது?

"அண்ணே, பதினொண்ணாவதாம்."

"பத்துதான போட்டிருக்கு."

"போட்டது பத்து. இது அதுக்கு அடுத்தது."

"அப்ப செலக்ட் ஆவல."

தோலைப் புரட்டிக்கொண்டே சொன்னார். என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் ஜாஸ்தி வராது. அன்றைக்குக் கொஞ்சம் வந்தது.

"அண்ணே, ஒரு தோல நீங்க பாக்காம, வேற டேபிள் ஆளு சொன்னான்னு தள்ளுவீங்களா?"

புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"மாட்டேன்."

"படம் பாத்தீங்களா?"

"...பாக்கல."

"பாத்துட்டுத் தள்ளுங்க."

சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வூட்டுக்கு வா. தம்பியையும் வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டி சென்னையிலிருந்து வந்துவிட்டான். அக்கா வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஜெனி டிவியில் படத்தைப் போட்டாள். சாமுவேல் அண்ணன் ரிமோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் பயந்தபடியே ஆயிற்று. டேபிளில் தோல் பார்ப்பது மாதிரியே படத்தைப் பார்த்தார். குறை வந்தால் நிறுத்துவார்.

"மழையில நடந்து வர்றான் இல்ல? சட்ட நனைஞ்சிருக்கு. தல நனைஞ்சிருக்கு. வாசல்ல செருப்பக் கழட்டறான் பாரு... காஞ்சிருக்கு."

விரலால் காற்றிலேயே ஒரு வட்டம் போட்டார். தோல் ஊர்க்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்துவிடுவோம்.

கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி நிறுத்தினார். "சுவத்துல கடிகாரம் பத்து மணி காட்டுது. வெளிய சாயந்தர வெயிலு."

இன்னும் கொஞ்சம். "வட்டிக்கு வாங்கிப் பயிர் வெக்கற ஆளு. கால்ல எக்ஸ்போர்ட் ஷூ. இன்னாடா இது?"

"மூணு மாசம் ஆயிட்டுது கதையில. காலண்டர்ல ஒரே தேதி."

உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்கள். "கறிக்கொழம்பு ஆறிப்போவுது. படத்த முடிச்சுட்டு சோறா, சோத்தத் தின்னுட்டுப் படமா?"

"இரு, செலக்ஷன் ஓடுது."

ரெண்டு மணி நேரப் படம். சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்தவர்கள், வெயில் இறங்குகிற வரைக்கும் பார்த்தோம். கிறிஸ்டி முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஜெனி சமையலறைக் கதவில் சாய்ந்தபடி நின்றாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். படத்தின் கடைசிப் பக்கம் ஒரு சீன். கட்டிக்கொடுத்த பெண்ணை அப்பன் பஸ் ஏற்றிவிடுகிறான். பஸ் போய்விடுகிறது. அவன் போகவில்லை. அடுத்த பஸ் வந்து, ஆள் ஏறி, அதுவும் போகிறது. அப்போதும் நிற்கிறான். வசனம் கிடையாது.

அந்த சீனில் பின்னால் ஒரு கடை போர்டு நடுவிலேயே வேறு போர்டாக மாறியது. எனக்கே தெரிந்தது. சாமுவேல் அண்ணன் நிறுத்தவில்லை. ரிமோட் மடியிலேயே கிடந்தது. ஜெனி டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேர்டு."

"ரிஜெக்ட் இல்லையே" என்றேன் நான்.

"ரிஜெக்ட் இல்ல. தேர்டு." திரும்பி கிறிஸ்டியைப் பார்த்தார். "ஒன்ன ஒண்ணும் சொல்லல தம்பி. நீ கீழ இருக்கற பையன். மேல இருக்கறவன் கெமிக்கலத் தப்பாப் போட்டா, டிரம் சுத்தறவனக் கேட்டு இன்னா ஆவும்?"

டிரம் சுத்துகிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் காரியம் முடிகிற மாதிரி இருந்தது. படம் மட்டம், பையன் மேல் தப்பில்லை. இதைவிட நல்ல தீர்ப்பு எங்கே கிடைக்கும்? கிறிஸ்டி 'ஆமா அங்கிள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவனையே பார்த்தேன். சொல்லுடா...

"அங்கிள்" என்றான். "அந்தச் செருப்பு நான்தான்."

"இன்னா?"

"என் வேலையே அதான் அங்கிள். முந்தின ஷாட்ல இன்னா இருந்துச்சோ, அது அடுத்த ஷாட்லயும் அப்டியே இருக்கணும். அதப் பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். மழை சீன் ஒரு நாள் எடுத்தோம். வாசல் சீன் ரொம்ப நாள் கழிச்சு எடுத்தோம். சட்டைய நனைச்சேன், தலைய நனைச்சேன். செருப்ப மறந்துட்டேன்."

அவன் என்ன வேலை செய்கிறான் என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. கதவுப் பக்கம் ஜெனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கடிகாரம்?" என்றார் அண்ணன்.

"அதுவும் நான்தான்."

"காலண்டரு?"

"அது ஆர்ட் டிபார்ட்மென்ட். ஆனா நான் பாத்துச் சொல்லியிருக்கணும்."

"ஷூ?"

"அது ஹீரோவோட சொந்த ஷூ அங்கிள். கழட்ட மாட்டேன்னுட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. கிறிஸ்டி முடித்துவிட்டான் என்று நினைத்தேன். முடிக்கவில்லை.

"ஆனா படம் நல்ல படம் அங்கிள். என் தப்புக்காக அதத் தேர்டுல போடாதீங்க."

எத்தனையோ வருடம் ஃபேக்டரியில் இருக்கிறேன். தோல் கெட்டுப்போனால் என்ன நடக்கும் தெரியுமா? பகல் ஷிஃப்ட்டைக் கேட்டால் நைட் ஷிஃப்ட் என்பார்கள். நைட் ஷிஃப்ட்டைக் கேட்டால் உப்பு சரியில்லை என்பார்கள். உப்புக்காரனைக் கேட்டால் மழை என்பான். 'நான்தான்' என்று நடந்து வந்து சொன்னவனை நான் பார்த்ததில்லை. அதுவும் தப்பித்துவிட்ட பிறகு.

சாமுவேல் அண்ணன் ரிமோட்டை எடுத்தார். மேஜை மேல் வைத்தார். டிவி ஸ்க்ரீனில் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. எங்கேயோ நடுவில் பொடி எழுத்தில் கிறிஸ்டியின் பெயர் வந்து, போய்விட்டது.

"செகண்ட்" என்றார். "அதுக்கு மேல ஏத்த மாட்டேன்."

"சரி அங்கிள்."

"ஜெனி, தம்பிக்குச் சோறு போடு."

எங்கள் பக்கம் சம்மதம் என்பதற்கு இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. ஜெனி தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் சும்மா வந்தாளா?

"எனக்கும் செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவையாத்தான்பா இருந்துச்சு."

கிறிஸ்டி நிமிர்ந்தான். "போன்ல சூப்பர்னு சொன்ன?"

"போன்ல வேற இன்னா சொல்வாங்க?"

அண்ணிதான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ஆறிப்போன கறிக்குழம்பை அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை. சாமுவேல் அண்ணன் கூட.

மறுநாள் நஜீர் பாயிடம் சொன்னேன். "அப்ப லிஸ்ட் போட்டது தப்புனு ஆயிடுச்சு இல்ல?" என்றார்.

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் டேபிளில் அவர் பார்த்தார். இன்னொரு டேபிளில் இன்னொருவர் பார்த்தார். ஒரே தோலை ரெண்டு பேர் பார்த்து ஒரே நம்பர் போட்டதாக எங்கள் ஃபேக்டரியிலேயே சரித்திரம் இல்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். லிஸ்டில் இருக்கிற பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இல்லாத ஒன்றுக்குத்தான் இத்தனை சண்டை. விமர்சகர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிணற்றில் என்ன இருந்தது என்று ஒரு போன் பண்ணிச் சொன்னால் சந்தோஷம்.

போன ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சபைக்கு வாசிப்பது எங்கள் வழக்கம். கிறிஸ்டி பெயர், ஜெனி பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம்" என்றார் போதகர். அது வழக்கமாகச் சொல்வது. யாரும் எதுவும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் சர்ச்சே அமைதியாக இருக்கும்.

அந்த அமைதியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமுவேல் அண்ணன் என் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"படத்தப் பத்தி மட்டும் எழுந்து ஒரு வார்த்த சொல்லிடட்டா?"