தண்டபாணி அண்ணன் பேசாமல் விட்ட காட்சி

தண்டபாணி அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, நான் டி.வி.யில் ஏதோ ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தாரு டீச்சர், எழுந்திரிக்கவே இல்ல" என்றாள். போனை வைத்த பிறகும் சத்தத்தைக் கூட்டத் தோன்றவில்லை. திரையில் யாரோ இரண்டு பேர் வெகுநேரம் வாயசைத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வீட்டில் நான் ஒருத்திதான். உள்ளே போய்ச் சொல்லி அழுவதற்குக்கூட ஆளில்லை.

சுங்கைப்பட்டாணிக்காரர்கள் பலருக்கு அவரைக் கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் மைக் பிடித்தவராகத்தான் தெரியும். கொடுத்த மைக்கைத் திரும்ப வாங்க முடியாது என்று கேலி செய்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். ஆனால் சண்டைக் காலத்தில், ஜப்பான்காரன் இங்கே ஆண்டபோது, இதே ஊரில் அவர் சினிமாப் படங்களுக்குக் குரல் கொடுத்தவர். அதைக் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பது அநேகமாக நான்தான். அதனால் இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

அப்போது நான் திகாம் பத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் வீராசாமி தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற வேலையில் இருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அவரையும் லாரியில் ஏற்றினார்கள். ஏறிய மனுஷன் என்னைப் பார்த்து, "மழ வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்திரு" என்றார். அவ்வளவுதான். பேசத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்று மாதம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று, ஒரு தகவலும் இல்லை. லயத்து வீட்டில் தனியாக மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் டவுனுக்கு வந்தேன். ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் படக்கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அங்கே ஓடியதெல்லாம் ஜப்பான் படம். பார்க்க வந்த தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்து, தமிழில் கதை சொல்ல ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். அவர்தான் தண்டபாணி அண்ணன்.

அவருக்கும் ஜப்பான் மொழி தெரியாது என்பதுதான் வேடிக்கை. காலையில் காலிக் கொட்டகையில் படத்தை ஒரு தடவை பார்ப்பார். மத்தியான ஆட்டத்துக்குள் கதை தயாராகிவிடும். "வாய் அவனுது, வார்த்தை நம்மளுது" என்று சிரிப்பார். ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே குரலில் பேசமாட்டார். சிரிப்புப் படமென்றால் கதைக்கு வெளியே நின்றுகொண்டு கதாநாயகனையே திட்டுவார்: "டேய், காலுக்குக் கீழ வாளி இருக்குடா, பாருடா!" பேய்ப் படத்தில் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். கத்திச் சண்டையில் கத்தியை உருவுகிற வரைக்கும்தான் பேச்சு; அதற்குமேல் மூச்சுவிடமாட்டார். "நான் பேசினா வெட்டு விழாது டீச்சர்" என்பார். தாயும் பிள்ளையும் பிரிகிற கதை வந்தால், வயதாகிப்போன அந்தப் பிள்ளையாகவே மாறிவிடுவார். "அம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அது அப்போது எனக்குத் தெரியாது" என்று தொடங்குவார். பெஞ்சில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை எடுத்துவிடுவார்கள். டிக்கெட் கிழிக்க வந்த நானும்தான்.

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. திரையில் யாராவது வாயசைத்து, அண்ணன் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டால் போதும், முன்வரிசையிலிருந்து சத்தம் கிளம்பும்: "வாய் அசையுது அண்ணே!" அவரும் உடனே எதையாவது எடுத்துப் போடுவார். நாய் குரைத்தால்கூட அதற்கு ஒரு வசனம் கேட்கிற கூட்டம் அது.

சேதிப்படத்தில் மட்டும் அவர் இஷ்டம் நடக்காது. படத்துக்கு முன்னால் ஓடுகிற அந்தச் சேதிக்குத் தமிழில் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதை அப்படியே படிக்க வேண்டும். எழுதியபடிதான் படிக்கிறாரா என்று பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி, தமிழ் தெரிந்த துபாஷியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அண்ணன் அதை ஆள் இல்லாத குரலில் படிப்பார். யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. அதை முடித்துவிட்டு வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

அப்படி ஒரு சேதிப்படத்தில்தான் சயாம் ரயில் பாதை வந்தது. காடு, மரப்பாலம், கட்டை தூக்குகிற ஆட்கள். அதில் ஒருவர் கட்டையை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை உதறி மறுதோளில் போட்டார். துண்டை அப்படிப் போடுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தான். திரும்பினார். வீராசாமி. இளைத்துப்போயிருந்தார். நேராக என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த வாயசைவின் மேல் அண்ணன் குரல், "தொழிலாளர்கள் மகிழ்ச்சியுடன் உழைக்கின்றனர்" என்று படித்தது. கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் வேறு காட்சி வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் ஓடினேன். "அது என் வீட்டுக்காரர் அண்ணே. துண்டு போட்டாரே, அவர். நாளைக்கு அந்த இடத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன சொல்லணும் டீச்சர்?"

"நல்லா இருக்கேன்னு. சீக்கிரம் வந்துருவேன்னு. எனக்கு அது போதும்."

பொய் என்று தெரிந்துதான் கேட்டேன். ராஜாவுக்கும் பேய்க்கும் நாய்க்கும் வசனம் பேசுகிறவர், எனக்காக ஒரு வரி பேசினால் என்ன குறைந்துவிடும்? அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அதே சேதிப்படம் ஓடியது. காடு வந்தது, பாலம் வந்தது, அண்ணன் படித்துக்கொண்டே வந்தார். வீராசாமி துண்டை உதறினார். அண்ணன் நிறுத்திவிட்டார். எழுதிக் கொடுத்ததையும் படிக்கவில்லை, நான் கேட்டதையும் சொல்லவில்லை. அவர் பேசுவதற்காகப் படத்தின் ஜப்பான் சத்தத்தை எப்போதும்போல் குறைத்திருந்தார்கள். மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. "வாய் அசையுது அண்ணே!" என்று முன்னாலிருந்து கத்தினார்கள். "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று ஒருவன் சிரித்தான். அண்ணன் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வீராசாமி சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுக் குனிந்து அடுத்த கட்டையைத் தூக்கினார்.

விளக்கைப் போட்டதும் அதிகாரி முன்னால் வந்து, எல்லாரும் பார்க்க அண்ணனை அறைந்தார். அன்றோடு வேலை போயிற்று. அதோடு கிடைத்த அரிசியும் போயிற்று. வீட்டில் மூன்று பிள்ளைகள். வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் கன்னம் வீங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "அடி வாங்கத் தெரியுது, ஒரு பொய் சொல்லத் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்தப் படச்சுருளை அலோர்ஸ்டார் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். வீராசாமியும் அதோடு போனார். சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். நானும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன், பல நாள் நின்றேன். இவர் வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

அண்ணனோடு நான் பேசாமல் இருந்தது பல வருஷம். பிறகு ஒரு கல்யாணத்துக்குப் பெண்டாங் போகிற பஸ்ஸில், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வறுத்த கச்சாங் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். நான் எடுக்கவில்லை. அவரே பேச்சைத் தொடங்கினார்.

"டீச்சர், படத்துல நடிச்சவன் எல்லாம் வேஷம் போட்டவன். அவன் வாயில நான் எதையும் போடுவேன். உங்க வீட்டுக்காரரு வேஷம் போடலையே. அவரு என்னமோ சொன்னாரு. எனக்குத் தெரியல. தெரியாம அது மேல நான் எப்படிப் பேசறது?"

"எனக்கு ஒரு வார்த்தை கிடைச்சிருக்கும்" என்றேன்.

"கிடைச்சிருக்கும். ஆனா அது என் வார்த்தையால்ல இருக்கும்?"

நியாயம் அவர் பக்கம் என்று அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருபுறமும் வயல் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்துக் கச்சாங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தீபாவளி தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் ஓயாமல் பேசுவார். அந்தச் சேதிப்படத்தைப் பற்றி மட்டும் நாங்கள் மறுபடி பேசியதே இல்லை.

அவருடைய குரலை நீங்கள் எல்லாரும் வைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கல்யாண கேசட்டுகளில்கூட இருக்கும். எனக்கென்று இருப்பது அவர் பேசாமல் விட்ட அந்தக் கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு நான் கேட்டதை அவர் சொல்லியிருந்தால், இத்தனை வருஷமும் என் வீட்டுக்காரர் தண்டபாணி அண்ணன் குரலில்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்திருப்பார். இப்போதும் கண்ணை மூடினால், துண்டை மறுதோளில் போட்டுக்கொண்டு வீராசாமி திரும்புகிறார், வாய் அசைகிறது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "மழ வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுத்திரு" என்கிறார் என் வீட்டுக்காரர், தன் சொந்தக் குரலில்.